ஊர்ப் பணமும் ஊரார் கண்ணும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்கள் தோன்றும். ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள இவ்வூர்கள் முன்னர்த் தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. திருச்சிக்கு 1866-இலும் திருவரங்கத்துக்கு 1871-இலும் நகராட்சி அமைந்தது. 1994-இல் இவை பொன்மலையோடு இணைந்து மாநகராட்சி ஆயின. அமைப்பு மாறினாலும் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. ஊர்ப் பணத்தைக் கையாள்வோரை யார் கண்காணிப்பது?

கேள்வி புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர்ச் சபை தன் விதிகளைக் கோயிற் சுவரில் பொறித்து வைத்தது. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்தனர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் இடமில்லை. அவனுடைய நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவன் பெயரையும் ஓலையில் எழுதலாகாது. குற்றம் நிகழ்ந்தபின் தண்டிப்பதினும், நிகழாதபடி வாயிலிலேயே தடுப்பது மேல் என அவர்கள் எண்ணினர் போலும்.

நம் காலத்தில் அப்பணியை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை செய்கிறது. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், சத்துணவுக்கு வாங்கிய விறகின் சீட்டு எங்கே என்று தணிக்கையாளர் கேட்டார். சீட்டு இல்லை, பணத்தை நானே கட்டினேன். அன்று வருந்தினேன், இன்று அவரை மதிக்கிறேன். ஆயினும் தணிக்கை, எழுதிய கணக்கையே காணும். மேசைக்கு அடியில் கைமாறும் பணத்துக்கு ஏது சீட்டு?

அதற்கு வேறு கண் வேண்டியிருந்தது. 1962-இல் மைய அரசு திரு. க. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழுவை அமைத்தது. 1964-இல் நம் மாநிலத்தில் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககம் தோன்றியது. மக்கள் இதனை லஞ்ச ஒழிப்புத் துறை என்பர். உள்ளாட்சி பற்றிய முறையீடுகளைக் கேட்க, முறைமன்ற நடுவர்க்கு 2014-இல் சட்டம் இயற்றப்பட்டது.

சில ஆண்டுகளுக்குமுன் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். வீட்டு வரைபட அனுமதிக்கு ஓர் அலுவலகத்தில் பணம் கேட்டனராம். “ஐயா, கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கட்டுமா?” என்றார்.

“தம்பி, 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர், ஏழு நாளுக்குள் காவல் துறைக்கோ விசாரணைத் துறைக்கோ தெரிவித்தால்தான் தப்பலாம். கொடுக்குமுன்பே முறையிடுவது நன்று” என்றேன்.

அவர் முறையிட்டார். சாட்சிகள் முன்னிலையில் ரூபாய்த் தாள்களில் பினாப்தலீன் பொடி தடவப்பட்டது. பணம் வாங்கிய கைகளைச் சோடியம் கார்பனேட்டுக் கரைசலில் நனைத்தபோது நீர் இளஞ்சிவப்பாயிற்று. கதை அங்கே முடியவில்லை. வீடு ஓராண்டு தாமதமாயிற்று. வழக்குக்காக அவர் இன்னும் நீதிமன்றப் படி ஏறுகிறார். “வருந்துகிறாயா?” என்று கேட்டேன். “களைப்பு உண்டு ஐயா, வருத்தம் இல்லை” என்றார்.

அன்பர்களே, உத்தரமேரூரில் கணக்குக் கேட்டது சபை. இன்று கேட்கத் துறைகள் பல உள்ளன. ஆனால் மறைவில் கேட்கப்படும் பணத்தை முதலில் அறிபவர் குடிமகனே. அவர் வாய் திறவாவிடின், எத்தனை கண்கள் இருந்தும் பயனில்லை.