ஸ்ட்ராட்டோவேரியஸ்: ஒரு பின்லாந்து இசைக்குழுவின் தொடக்க ஆண்டுகள்



ஓர் இசைக்குழு தனக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் பெரும்பாலும் ஓர் அடையாளமாக மட்டுமே நின்றுவிடும். ஊரின் பெயரோ, தலைவரின் பெயரோ, காதுக்கு எடுப்பாக ஒலிக்கும் ஏதேனும் ஒரு சொல்லோ அதற்குப் போதும். ஆனால், பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில், 1980களின் நடுவில் இளைஞர் சிலர் தம் குழுவுக்கு வைத்த பெயர் அத்தகையதன்று. அடுத்த பத்தாண்டுக் காலம் அவர்கள் எதனைத் தேடி உழைத்தனரோ, அதனை அப்பெயர் முன்கூட்டியே கூறிவிட்டது. ஸ்ட்ராட்டோவேரியஸ் என்பது அப்பெயர்.

இஃது இரு கருவிகளின் பெயர்களை இணைத்து உண்டாக்கிய சொல். ஒன்று, இத்தாலியில் கிரெமோனா என்னும் ஊரில் வாழ்ந்து 1737ஆம் ஆண்டு மறைந்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி என்னும் தச்சர் கோமான் செய்த பிடில். அவர் கைப்பட உருவான பிடில்களை இன்றும் உலகின் பெரும் வித்துவான்கள் பொன்னினும் மேலாகப் போற்றுகின்றனர். மற்றொன்று, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெண்டர் நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கித்தார். ஒன்று ஐரோப்பியச் செவ்விசையின் சின்னம். மற்றொன்று ராக் இசையின் சின்னம். பாலுசாமி தீட்சிதர் காலம் முதல் பிடிலை நம் இசைக்கே உரியதாக்கிக்கொண்ட நமக்கு, ஒரு கருவி தன் பிறப்பிடத்தை விட்டு வேற்றிசையில் குடியேறுவது புதுமையன்று. ஆயினும், பிடிலின் மரபைப் பேரொலி எழுப்பும் மின்கித்தாரில் குடியேற்றுவது எளிய செயலா? அம்முயற்சியின் வரலாறே இக்குழுவின் தொடக்க வரலாறு.

முதலில் அந்நாட்டைச் சிறிது நோக்குவோம். ஐரோப்பாவின் வடகோடியில் அமைந்த பின்லாந்து, பரப்பில் பெரியது. மக்கள் தொகையில் சிறியது. இக்குழு தோன்றிய காலத்தில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 49 லட்சம் பேரே. மார்கழியில் ஹெல்சிங்கியில் கதிரவன் வானில் தோன்றும் நேரம் நாளொன்றுக்கு ஆறு மணிக்கும் குறைவு. மக்களுள் பெரும்பாலோர் பேசும் பின்னிய மொழி, அண்டை நாட்டாரின் சுவீடிய மொழிக்கோ உருசிய மொழிக்கோ உறவுடையதன்று. இத்தகைய நாட்டுக்கு உலகில் பெயர் வாங்கித் தந்தவற்றுள் இசை தலையாயது. உருசியப் பேரரசின் ஆட்சியில் பின்லாந்து இருந்தபோது, 1899இல் ழான் சிபேலியஸ் இயற்றிய ‘பின்லாந்தியா’ என்னும் இசைப்படைப்பு நாட்டுணர்வின் குரலாக எழுந்தது. 1917இல் நாடு விடுதலை பெற்றது. 1960களின் பிற்பகுதியில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஊர்தோறும் இசைப்பள்ளிகள் அரசின் பொருளுதவி பெற வழி செய்தது. இசை செல்வர் வீட்டு அணிகலனாக இராமல், எளியோர் பிள்ளைகளும் பயிலும் கல்வியாயிற்று.

இனி, இவர்கள் மேற்கொண்ட இசைவகையைப் பற்றி ஒரு சொல். ‘ஹெவி மெட்டல்’ என்னும் வன்மைமிக்க ராக் இசையினின்று 1980களின் தொடக்கத்தில் ‘ஸ்பீடு மெட்டல்’ என்றொரு கிளை பிரிந்தது. துரித காலமே இதன் உயிர். டிரம் வாசிப்பவர் இரு கால்களாலும் மாறி மாறி மிதித்துப் பெருமுரசை இடைவிடாது ஒலிக்கச் செய்வார். கித்தார் வாசிப்பவர் வலக்கையின் விளிம்பால் தந்திகளை இலேசாக அடக்கிக்கொண்டு மிக விரைவாக மீட்டுவார். செர்மனியின் ‘அக்செப்ட்’ குழுவினர் 1982இல் வெளியிட்ட ஒரு பாடல் இவ்வகைக்கு முன்னோடி என்பர். இதே ஆண்டுகளில் சுவீடன் நாட்டு இங்வே மால்ம்ஸ்டீன் என்னும் இளைஞர், பாக், பகனீனி முதலியோரின் இசைமுறையை மின்கித்தாரில் வாசித்துக் காட்டி வியப்பூட்டினார். இவ்விரு நீரோட்டங்களும் ஹெல்சிங்கி இளைஞர் செவிகளை எட்டின.

1984ஆம் ஆண்டு டுவோமோ லாசிலா என்பவர், ஸ்டாபன் ஸ்ட்ரால்மன், ஜான் விஹெர்வா என்னும் இருவருடன் கூடி ‘பிளாக் வாட்டர்’ என்ற பெயரில் ஒரு குழுவை நிறுவினார். டிரம் வாசித்தவரும் லாசிலா, பாடியவரும் லாசிலா. மூவரே கொண்ட அச்சிறு குழுவுக்குத் தாளமும் குரலுமாக அவர் ஒருவரே நின்றார். மறு ஆண்டில் ஸ்ட்ரால்மன் விலக, அவரிடத்திற்குத் திமோ டோல்க்கி வந்தார். 1966இல் பிறந்த அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. கித்தாரோடு பாடும் பொறுப்பும் பாடல் புனையும் பொறுப்பும் விரைவில் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. குழுவின் பெயரும் ஸ்ட்ராட்டோவேரியஸ் என்றாயிற்று. லாசிலா தொடங்கிய குழு, டோல்க்கியின் இசையை வாசிக்கும் குழுவாக மாறியது. பின்னாளில் நேர்ந்த பிரிவுக்கு வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

பாடல்களை இவர்கள் ஆங்கிலத்தில் இயற்றினர். தாய்மொழிப் பற்று இல்லாமையால் அன்று. பின்னிய மொழியில் பாடினால் நாட்டெல்லையைக் கடக்க இயலாது என்பதே காரணம். வீட்டில் ஒரு மொழி, தொழிலில் ஒரு மொழி என்று வாழும் நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஹெல்சிங்கிக்கு அருகேயுள்ள கெரவா என்னும் ஊரில் தோன்றிய ‘ஸ்டோன்’ என்ற ஸ்பீடு மெட்டல் குழுவும் ஆங்கிலத்திலேயே பாடி, 1988இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டுப் புகழ் பெற்றது. ஆயினும் அக்குழு 1991இல் கலைந்தது. சிறு நாட்டில் இவ்வகை இசைக்குக் கிடைத்த இடம் அவ்வளவு குறுகியது.

ஸ்ட்ராட்டோவேரியஸ் குழுவினர் 1987இல் மாதிரிப் பதிவு ஒன்று செய்தனர். அதன் பயனாகப் பெரிய நிறுவனமாகிய சி.பி.எஸ். கம்பெனியின் பின்லாந்துக் கிளை இவர்களை ஏற்றது. ‘ப்ரைட் நைட்’ என்னும் முதல் தொகுப்பு 1989இல் வெளிவந்தது. டோல்க்கி, லாசிலா ஆகியோருடன் கீபோர்டில் அன்டி இக்கோனனும், பேஸ் கித்தாரில் யுர்க்கி லென்டோனனும் வாசித்தனர். விரைவும் ஆர்வமும் நிறைந்த தொகுப்பு அது. ஆனால் அவ்விசை இன்னும் பிறரிடம் கற்ற பாடமாகவே ஒலித்தது. செவ்விசையின் சாயல் கித்தார் வாசிப்பில் இடையிடையே தலைகாட்டியதேயன்றி, பாடலின் கட்டுக்கோப்பில் கலக்கவில்லை. பெயர் கூறிய இணைப்பு இன்னும் கைகூடவில்லை. நிறுவனமும் இவர்களுடன் தொடர விரும்பவில்லை.

அடுத்து வந்தவை கடினமான ஆண்டுகள். 1991இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. அதனோடு பின்லாந்துக்கு இருந்த பெருவணிகமும் சரிந்தது. வங்கிகள் தடுமாறின. 1990இல் நூற்றுக்கு மூவர் அளவில் இருந்த வேலையின்மை, சில ஆண்டுகளிலேயே நூற்றுக்குப் பதினாறுக்கு மேல் ஏறியது. நாடே கலங்கிய அந்நாளில், நிறுவனத்தின் துணையின்றி ஓர் இசைக்குழு நிலைத்தது வியப்பே. இவர்கள் தாமே முயன்று இரண்டாம் தொகுப்பைப் பதிவு செய்தனர். பாட்டும் கித்தாரும் மட்டுமன்றி, பேஸ் கித்தாரின் பெரும்பகுதியையும் டோல்க்கியே வாசித்தார். பின்லாந்தில் அது ‘ஸ்ட்ராட்டோவேரியஸ் 2’ என்ற பெயரில் வெளிவந்தது. பின்னர் 1992இல், ‘ட்வைலைட் டைம்’ என்னும் புதுப்பெயருடன் பிற நாடுகளுக்குச் சென்றது. ட்வைலைட் என்பது அந்திப்பொழுது. குழுவும் அப்போது ஒளிக்கும் இருளுக்கும் இடையிலேதான் நின்றது.

ஒளி வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. சப்பான் நாட்டில் இத்தொகுப்பு இறக்குமதிச் சரக்காகக் கடைகளுக்குச் சென்று, பல மாதங்கள் நன்கு விற்றது. இது தற்செயல் அன்று. இங்கிலாந்தின் ‘டீப் பர்ப்பிள்’ குழுவினர் 1972இல் ஒசாகாவிலும் தோக்கியோவிலும் நிகழ்த்திய கச்சேரிகள் புகழ்பெற்ற இசைத்தட்டாக வெளிவந்த காலந்தொட்டே, வன்மையோடு மெட்டின் இனிமையும் செவ்விசையின் சாயலும் கலந்த இசையைச் சப்பானியர் விரும்பிக் கேட்டு வந்தனர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1990களின் தொடக்கத்தில் சுவை வேறு பக்கம் திரும்பியது. எளிய, கரடுமுரடான ‘கிரஞ்சு’ இசை பரவ, விரைவும் நுணுக்கமும் பழம்பாணி என ஒதுக்கப்பட்டன. சப்பானிய இரசிகர்கள் மட்டும் தம் சுவையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்நாட்டு விக்டர் நிறுவனம் இக்குழுவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. தாயகத்தில் ஆதரவு குன்றியிருந்தபோது, மொழியும் முகமும் அறியாத மக்களே இவர்களைத் தாங்கினர்.

1994இல் ‘டிரீம்ஸ்பேஸ்’ என்னும் மூன்றாம் தொகுப்பு வந்தது. அதன் ஒரு பகுதிக்கு லாசிலாவுக்கு மாற்றாக வேறொரு டிரம் கலைஞரை அழைக்க நேர்ந்தது. இதற்குப் பின் டோல்க்கி ஓர் அரிய முடிவு செய்தார். தாம் பாடுவதை நிறுத்தி, தம்மினும் சிறந்த குரலைத் தேடினார். தன் குரலின் எல்லையைத் தானே அறிந்து விலகுதல் கலைஞருள் பலர்க்கு இயலாத செயல். 1969இல் பிறந்த திமோ கோடிபெல்டோ என்பவர் குழுவில் சேர்ந்தார். மேல்ஸ்தாயியில் தங்குதடையின்றி உலவும் அவரது குரல், 1995இல் வெளிவந்த ‘போர்த் டைமென்ஷன்’ தொகுப்பில் முதன்முதலாக ஒலித்தது. குரல் மேலே எழுந்ததும் கித்தார் அதனைத் தாங்கிப் பின்னே நின்று, தன் முறை வந்தபோது தனித்துப் பேச இடம் பெற்றது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஒரு வாத்திய இசையும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. பத்தாண்டுத் தேடல் கனிந்துவந்தது என்பதற்கு அதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

ஆனால், கனி பழுத்த வேளையில் மரத்தை நட்டவர் அங்கே இல்லை. அதே 1995இல் டோல்க்கி, இசை இன்னும் துல்லியமாகவும் செவ்விசைக்கு அணுக்கமாகவும் செல்ல வேண்டும் எனக் கருதினார். லாசிலாவும் இக்கோனனும் குழுவினின்று நீக்கப்பட்டனர். 1984இல் குழுவைத் தோற்றுவித்த மூவருள் ஒருவரும் இப்போது எஞ்சவில்லை. செர்மனியிலிருந்து டிரம் கலைஞர் யோர்க் மிக்கயேலும், சுவீடனிலிருந்து கீபோர்டு கலைஞர் யென்ஸ் யோஹான்சனும் வந்தனர். முன்னே குறிப்பிட்ட மால்ம்ஸ்டீனின் தொடக்க காலத் தட்டுகளில் கீபோர்டு வாசித்தவர் இந்த யோஹான்சனே. தாம் எவர் இசையைக் கேட்டு வளர்ந்தனரோ, அவருடைய துணைக் கலைஞரையே இவர்கள் தம்மவராக்கிக்கொண்டனர்.

அதன் பயனை மறுப்பதற்கில்லை. 1996இல் வந்த ‘எபிசோடு’ தொகுப்பில் பாடகர் கூட்டமும் தந்தி வாத்தியக் குழுவும் மின்கருவிகளோடு சேர்ந்து ஒலித்தன. 1997இல் வந்த ‘விஷன்ஸ்’ தொகுப்பு, பின்லாந்தின் விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் ஏறியது. அதிலுள்ள ‘பிளாக் டயமண்ட்’ என்னும் பாடல், ஹார்ப்சிகார்டு என்னும் பழைய ஐரோப்பிய வாத்தியத்தின் ஒலியோடு தொடங்கிப் பெருவிரைவில் பாய்கிறது. அங்கே பழமையும் புதுமையும் ஒட்டுப்போட்டவையாகத் தோன்றுவதில்லை. தாயகம் இவர்களைத் தன் புகழ்மிக்க குழுக்களுள் ஒன்றாக ஏற்றது. பிற்காலத்தில் பின்லாந்து ‘மெட்டல்’ இசையின் நாடு என்று பெயர் பெற்றதற்கு, இவர்கள் வெட்டிய பாதையும் ஒரு காரணம்.

எனினும் வரலாற்றை எழுதுவோர் வெற்றியை மட்டும் எண்ணிப் பார்த்தல் தகாது. முதல் பதினொரு ஆண்டுகளின் வறுமையையும் இருளையும் சுமந்தவர் லாசிலா. பெரும்புகழின் ஆண்டுகள் அவருக்கு வாய்க்கவில்லை. கலையின் நிறைவுக்காகத் தோழமையைத் துறப்பது முறையா என்னும் கேள்விக்கு, அத்தொகுப்புகளின் இனிமை விடையாகாது. காலம் இதற்கு ஒரு பின்னுரையும் எழுதியது. 2008இல் டோல்க்கியும் குழுவை விட்டு விலகி, பெயரின் உரிமையை மற்றவர்க்கே விட்டுக்கொடுத்தார். நிறுவியவர் இல்லாமலும், உருவாக்கியவர் இல்லாமலும் அக்குழு தொடர்ந்து இயங்கி, 2022இல் ‘சர்வைவ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. ‘பிழைத்திரு’ என்பது அத்தலைப்பின் பொருள்.

2005 முதல் இக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்து வருபவர் லௌரி போர்ரா. அவர் ‘பின்லாந்தியா’ இயற்றிய சிபேலியஸின் கொள்ளுப்பேரர். இளமையில் பிடில் வித்துவானாக வேண்டுமென்று பெரிதும் விரும்பிய சிபேலியஸின் வழித்தோன்றல், பிடிலின் பெயரையும் கித்தாரின் பெயரையும் ஒருங்கே தாங்கிய குழுவில் மின்கருவி வாசிக்கிறார். அப்பெயர், லாசிலாவும் டோல்க்கியும் இல்லாத மேடையிலும் அதே பொருளோடு நிற்கிறது.