கேமுக்காகத் திறந்த மூடி

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகப்படுத்திய பர்சனல் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினால் மதர்போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள் தெரியும். திரையில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஒன்றில் டிஸ்ப்ளே கார்டு செருக வேண்டும். ஃபிளாப்பி டிரைவுக்கான கார்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருப்பவை வாங்கியவர் விருப்பத்துக்கு. புளோரிடா மாநிலத்து போகா ரட்டோனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய சிறு குழு, சுமார் ஓராண்டில் வேலையை முடித்தாக வேண்டிய நெருக்கடியில், சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே இந்தப் பெட்டியைக் கட்டியது. சர்க்யூட் வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் புத்தகமாகவே அச்சிட்டு விற்றார்கள். அந்த ஸ்லாட்டில் பொருந்தும் கார்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்ற நிலை அப்படித்தான் உருவானது. கேம் திணறுகிறது என்று கேபினெட்டின் பக்கத்தகட்டைக் கழற்றும் இன்றைய பழக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்தப் பெட்டி கேம் ஆடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இன்டெல் 8088 பிராசசர், அடிப்படை மாடலில் 16 கிலோபைட் ராம், விலை 1,565 டாலர். வண்ணத்துக்கு சிஜிஏ கார்டு வாங்கினாலும் 320க்கு 200 புள்ளிப் படத்தில் ஒரே சமயத்தில் நான்கு நிறங்கள்தான். ஒலிக்கு உள்ளே ஒரு சிறு ஸ்பீக்கர். அடுத்த ஆண்டு வந்த கமடோர் 64 படத்திலும் இசையிலும் இதைவிடப் பல மடங்கு மேலானது. ஆனால் கமடோர் வாங்கியவருக்குக் கடைசிவரை அதே சிப்புகள்தான். ஐபிஎம் பெட்டிக்காரர் கையில் காசு சேர்ந்தபோது ஒரு கார்டை மாற்றினார்.

அந்த ஸ்லாட்டுகளை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல். தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் கம்ப்யூட்டரில் எழுத விரும்பினார். ஐபிஎம் தந்த கருப்பு வெள்ளை கார்டு எழுத்துகளை மட்டும் காட்டும், அவையும் ரோமன் எழுத்துகள். எனவே 720க்கு 348 புள்ளிகளைத் தனித்தனியாக ஒளிரவைக்கும் கார்டைத் தானே வடிவமைத்தார். 1982இல் வந்த ஹெர்குலிஸ் கார்டின் கதை அது. திரையில் தமிழைப் பார்க்கப் பாடுபட்டவர்களுக்கு அவருடைய தவிப்பு எளிதில் புரியும். ஐபிஎம் யோசித்தே பார்க்காத ஒரு தேவையை வெளியாள் ஒருவர் ஒரு கார்டில் தீர்த்துவைத்தார். கேம் ஆடுபவர்கள் பின்னாளில் பிடித்துக்கொண்ட வழியும் இதுதான்.

கேமின் வேகம் எப்போதும் ஏதோ ஓரிடத்தில் தடைபடும். அந்த இடத்தைச் சரிசெய்தால் தடை அடுத்த இடத்துக்கு நகரும். காசை எங்கே போட வேண்டும் என்று தெரிந்துகொள்வதே அப்கிரேடின் பாதி வேலை. நாற்பது ஆண்டுகளாக அந்தத் தடை ஊர்ந்துபோன பாதையைத் தொடர்ந்தால் கம்ப்யூட்டரின் வரலாறே கிடைத்துவிடும்.

படம் ஓரளவு விரைவில் சரியானது. 1984இல் வந்த இஜிஏ 16 நிறங்களைத் தந்தது, 1987இல் வந்த விஜிஏ 256 நிறங்களைத் தந்தது. விஜிஏவைக் கொண்டுவந்த அதே ஆண்டில் ஐபிஎம் தன் புது கம்ப்யூட்டர்களில் பழைய ஸ்லாட்டைக் கைவிட்டு, உரிமக் கட்டணம் கேட்கும் மைக்ரோ சேனலுக்கு மாறியது. காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988இல் ஒன்றுகூடி, பழைய கார்டுகளையும் ஏற்கும் மாற்று ஸ்லாட்டை அறிவித்தன. ஐபிஎம் அந்தப் போட்டியில் தோற்றது நல்லதாகப் போயிற்று. ஜெயித்திருந்தால் பின்வரும் கதைகளில் பாதி நடந்திருக்காது.

அடுத்தது ஒலி. கனடாவின் கியூபெக்கில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல் தொடங்கிய அட்லிப் நிறுவனம், யமஹாவின் சிப் ஒன்றை வைத்து 1987இல் ஒரு கார்டு கொண்டுவந்தது. ஒரே சமயத்தில் ஒன்பது குரல்கள் ஒலிக்கும் இசை அதிலிருந்து வந்தது. சிங்கப்பூரின் சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில், ஐபிஎம் பெட்டி பிறந்த அதே 1981இல், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியது கிரியேட்டிவ் டெக்னாலஜி. அதை நடத்திய சிம் வோங் ஹூ 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டார். யமஹாவின் அதே சிப் அதிலும் இருந்ததால் அட்லிப்புக்கு எழுதிய கேம்கள் எல்லாம் ஓடின. கூடவே பதிவுசெய்த மனிதக் குரலையும் வெடிச்சத்தத்தையும் அப்படியே ஒலிக்கவிடும் வசதி இருந்தது, ஜாய்ஸ்டிக் செருகும் போர்ட்டும் இருந்தது. ஜாய்ஸ்டிக்குக்குத் தனியாக ஒரு கார்டு வாங்கும் செலவு மிச்சம். கடைக்காரராகத் தொடங்கியவருக்கு வாங்குபவரின் கணக்கு தெரிந்திருந்தது. 1992இல் அட்லிப் திவாலானது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அங்கே போனது அதுவே முதல் முறை.

கார்டு வாங்கிச் செருகினால் மட்டும் சத்தம் வந்துவிடாது. போர்ட் 220, ஐஆர்க்யூ 5 அல்லது 7, டிஎம்ஏ 1 என்ற எண்களைக் கார்டில் உள்ள ஜம்பர்களை இடம் மாற்றிப் பொருத்தி, கேமின் செட்அப்பிலும் அதையே சொல்ல வேண்டும். பிரிண்டரும் ஐஆர்க்யூ 7ஐக் கேட்டால் இரண்டும் மோதும். டாஸ் தரும் முதல் 640 கிலோபைட் நினைவகத்தில் மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், ஒலி டிரைவர் எல்லாம் உட்கார்ந்தபின் கேமுக்கு இடம் போதாது. இந்தக் கேமுக்கு ஒன்று, அந்தக் கேமுக்கு ஒன்று என்று பூட் ஃபிளாப்பிகளைத் தனித்தனியாக வைத்திருப்பார்கள். யாரும் பாடமாகச் சொல்லித் தராமலே ஒரு தலைமுறை கம்ப்யூட்டரின் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் என்ற கேம் தடையைப் பிராசசருக்குத் தள்ளியது. 386 பிராசசரும் 4 மெகாபைட் ராமும் இருந்தால் ஓடும் என்றார்கள். ஓடியது, ஆனால் தத்தித் தத்தி. வேகம் குறைந்த கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் மைனஸ் கீயை அழுத்தி அழுத்திப் படத்தைச் சுருக்கி, திரையின் நடுவில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஆடினார்கள். பக்கத்து வீட்டில் 486 டிஎக்ஸ்2 66 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரில் அதே கேம் முழுத் திரையில் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தவருக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. 1996 ஜூனில் வந்த குவேக் இன்னும் குறிப்பாகக் கேட்டது. அதன் முப்பரிமாணக் கணக்குகள் தசமப் புள்ளிக் கணக்கை வேகமாகப் போடும் பிராசசரை நம்பியிருந்தன. பென்டியம் அதில் தேர்ந்தது. அலுவலக வேலைகளில் பென்டியத்தோடு போட்டி போட்ட சைரிக்ஸ் 6x86, குவேக்கில் பரிதாபமாகப் பின்தங்கியது. ஒரே ஒரு கேம் ஒரு பிராசசரின் பெயரைக் கெடுத்த கதை அது.

அந்த ஆண்டின் இறுதியில்தான் பெரிய மாற்றம் வந்தது. கலிஃபோர்னியாவில் ராஸ் ஸ்மித், கேரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் ஆகியோர் 1994இல் தொடங்கிய 3டிஎஃப்எக்ஸ், தன் வூடூ சிப்புகளை முதலில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களுக்குத்தான் விற்றது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவை கட்டுப்படியாகாத விலை. 1996இல் மெமரி சிப்புகளின் விலை சரிந்ததும் கணக்கு மாறியது. 4 மெகாபைட் நினைவகத்தோடு ஆர்கிட் ரைட்டியஸ் 3டி, டயமண்ட் மான்ஸ்டர் 3டி என்ற பெயர்களில் கார்டுகள் வந்தன. இவை வேலை செய்த விதம் விசித்திரமானது. சாதாரணப் படத்தை வூடூவால் காட்டவே முடியாது. பழைய கிராபிக்ஸ் கார்டை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து வெளியே ஒரு சிறு கேபிள் வழியாக வூடூவுக்கும், வூடூவிலிருந்து மானிட்டருக்கும் இணைக்க வேண்டும். முப்பரிமாண கேம் தொடங்கும் நொடியில் ஆர்கிட் கார்டுக்குள் இருக்கும் ரிலே 'டிக்' என்று அடித்து, படம் வூடூவின் கைக்கு மாறும். 1997 ஜனவரியில் குவேக்கின் வூடூ வடிவம் வந்தபோது, கட்டம் கட்டமாகத் தெரிந்த சுவர்கள் 640க்கு 480 புள்ளிகளில் வழவழப்பாயின. பிராசசர் அதேதான், ராம் அதேதான். ஒரு கார்டு மட்டும் புதிது.

1998இல் வூடூ2 கார்டுகள் இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் இணைத்து, திரையின் வரிகளை அவை மாறி மாறி வரையச் செய்தார்கள். அத்தனை உயரத்தில் இருந்த 3டிஎஃப்எக்ஸ் எடுத்த ஒரு முடிவு அதைச் சாய்த்தது. எஸ்டிபி என்ற கார்டு தயாரிப்பாளரை விலைக்கு வாங்கி, இனி கார்டுகளைத் தானே செய்து விற்பதாக அறிவித்தது. அதுவரை அதன் சிப்புகளை வாங்கிக் கார்டு செய்துவந்த நிறுவனங்கள் போட்டியாளரான என்விடியா பக்கம் திரும்பின. 1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வந்தது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் காப்புரிமைகளையும் பெயரையும் என்விடியாவே வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

பணம் குறைந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். 1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் வெளியிட்ட இரண்டு பிராசசர்கள் அந்த வழியைத் திறந்தன. பென்டியம் 2 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். செலரான் 66 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிஸ்டம் பஸ்ஸின் வேகத்தை நான்கரையால் பெருக்கி ஓடியது. பஸ்ஸை 100க்கு உயர்த்தினால் 450. அதன் 128 கிலோபைட் கேஷ் சிப்புக்குள்ளேயே பிராசசரின் முழு வேகத்தில் ஓடியதால் அந்த உயர்வைப் பெரும்பாலும் தாங்கியது. அபிட் பிஎச்6 மதர்போர்டில் பயாஸுக்குள்ளேயே எண்ணை மாற்றலாம். வேறு சில போர்டுகளில் பிராசசரின் பி21 என்ற பின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி பஸ்ஸை 100க்கு ஏற்றினார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஏஎம்டியின் அத்லான், டியூரான் சிப்புகளில் துண்டிக்கப்பட்டிருந்த நுண்ணிய இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலின் கரியால் கோடிழுத்துச் சேர்த்து, பெருக்கும் எண்ணை மாற்றினார்கள். விலைப்பட்டியலில் இன்டெல் வைத்த 520 டாலர் இடைவெளியைக் கல்லூரி மாணவர்கள் பயாஸில் ஓர் எண்ணை மாற்றிக் கடந்தது, அந்தக் காலத்தின் மிக நேர்மையான வெற்றிகளில் ஒன்று.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் தமிழர்கள் பழகிய 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர் இதே மரபின் கிளை. மதர்போர்டு, ராம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக விலை கேட்டு வாங்கலாம். இந்தப் பட்டியலில் கடைசியில் கவனம் பெறுவது எஸ்எம்பிஎஸ்தான், அது தவறு. 1981இன் ஐபிஎம் பெட்டி முழுவதற்கும் 63.5 வாட் போதுமாக இருந்தது. 2004 முதல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கார்டுக்கு மட்டும் 75 வாட் தந்தது. அதுவும் போதாமல் 6 பின் கேபிளில் 75, 8 பின் கேபிளில் 150 என்று கூட்டிக்கொண்டே போனார்கள். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு தனியாக 450 வாட் கேட்கிறது. புதுக் கார்டு போட்டபின் கேம் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்துபோனால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இது.

இதற்கிடையே கேம் கார்டுகளைத் தேடி வேறு ஆட்களும் வந்தார்கள். 2012இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலெக்ஸ்நெட் என்ற படம் அறியும் நிரலைப் பயிற்றுவித்தது, கேம் ஆடுபவர்களுக்காக விற்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள் இரண்டில். அதன் பிறகு கேம் ஆடுபவர் தன் கார்டுக்காக மற்றவர்களோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 2021இல் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுபவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளினார்கள். ஆர்டிஎக்ஸ் 3060இன் தோண்டும் வேகத்தை என்விடியாவே பாதியாகக் குறைத்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் முறை மாறி, தோண்டுவதற்கே வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது தடை நிற்கும் இடம் கார்டின் நினைவகம். 1990களின் கிராபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் காலிச் சாக்கெட்டுகள் இருந்தன. 1 மெகாபைட் போதவில்லை என்றால் இன்னும் 1 மெகாபைட் சிப்புகளை வாங்கிவந்து விரலால் அழுத்திப் பொருத்தலாம். இன்று அந்தச் சிப்புகள் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. 2016இல் 379 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1070இல் 8 ஜிகாபைட் இருந்தது. 2023இல் 399 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐயிலும் அதே 8 ஜிகாபைட்தான். 16 ஜிகாபைட் வேண்டுமென்றால் 499 டாலர் தர வேண்டியிருந்தது, அதையும் வாங்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போதவில்லை என்று தெரிந்தால் மொத்தக் கார்டையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.