சீடேக்ஸ் கோப்புறைக்குள்ளே

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு சீடேக்ஸை நிறுவக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. டாக்டர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து நோய், மருந்து, அறிகுறி எல்லாவற்றையும் பிரித்தெடுக்கும் இலவச மென்பொருள் அது. 4.0 பதிப்பென்றால் ஜாவா 8 வேண்டும். அகராதியைத் தனியாக இறக்கி உள்ளே சேர்க்க வேண்டும். அந்த அகராதிக்கு உரிமச் சாவியும் வேண்டும். “ஏன் சார் இத்தனை துண்டு?” என்று அலுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊரில் செய்தது, அதனால்தான்.

அகராதிதான் மூத்தது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1986இல் தொடங்கிய யூஎம்எல்எஸ். ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதினாலும் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்று எழுதினாலும் அதில் ஒரே எண்: சி0027051. காசு கிடையாது, ஆனால் விண்ணப்பித்து உரிமம் வாங்க வேண்டும். ஏனென்றால் உள்ளே இருக்கும் சொல்தொகுதிகள் பலருக்குச் சொந்தம்.

இந்தத் துண்டுகளையெல்லாம் சீடேக்ஸாகக் கோத்தது மினசோட்டாவின் ராசெஸ்டரில் உள்ள மேயோ கிளினிக். கெர்கானா சாவோவாவின் குழு 2006இல் வேலையைத் தொடங்கியது. அடித்தளமாக எடுத்துக்கொண்டது ஐபிஎம்மில் பிறந்த யூஐஎம்ஏ என்ற உரை ஆய்வுக் கட்டமைப்பு. நோயாளி ஒருவருக்கு ஒரே கோப்பு என்ற முறையை ஹென்றி பிளம்மர் 1907இலேயே கொண்டுவந்த இடம் மேயோ. படிக்கக் குறிப்புகளுக்கா பஞ்சம்! 2013இல் சீடேக்ஸ், திறமூல மென்பொருள் அமைப்பான அப்பாச்சியின் முழுத் திட்டமானது.

எனக்குப் பிடித்த துண்டு நெக்எக்ஸ். டாக்டர்கள் இருப்பதை மட்டுமா எழுதுகிறார்கள்? காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி இல்லை என்று இல்லாததையும் வரிசையாக எழுதுவார்கள். சொல்லை மட்டும் தேடும் நிரல் அத்தனையையும் நோயாளியின் தலையில் கட்டிவிடும். பிட்ஸ்பர்க்கில் வெண்டி சாப்மனும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட வழி மிக எளியது: மறுப்புச் சொற்களுக்கு ஒரு பட்டியல், அவற்றுக்கு அருகே, ஐந்து சொற்களுக்குள் வரும் நோயை ‘இல்லை’ என்று குறித்துவிடு. ‘கட்டி பெரிதாகவில்லை’ என்றால் கட்டி இருக்கிறது என்றுதானே பொருள்? அந்த மாதிரி ஏமாற்றும் தொடர்களுக்குத் தனிப் பட்டியல். இலக்கண ஆராய்ச்சியே இல்லாமல் இவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டியதுதான் சாமர்த்தியம். சீடேக்ஸின் முதல் மறுப்புப் பகுதி இந்த வழியைத்தான் பின்பற்றியது. தரவைக் கொண்டு பயிற்சி கொடுத்த மாதிரிகள் பிறகு வந்தன.

நிறுவி முடித்ததும் ‘நெஞ்சுவலி இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடிக்கச் சொல்வேன். போலாரிட்டி என்ற இடத்தில் -1, அதாவது ‘இல்லை’, என்று வந்தால் வேலை முடிந்தது. தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிட்டால் ஜாவாவை நோண்ட வேண்டாம், முதலில் சாவியைப் பாருங்கள். இப்போது சாவிதான் செல்லும், ஆனால் 2021க்கு முந்தைய வழிகாட்டிகள் இன்னும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும்தான் கேட்கின்றன.