திமிங்கலத்துக்கு ஒரு கடிதம்

படிப்பை முடிச்சுட்டு வேலை கிடைக்காம ட்யூஷன் எடுக்கறது நமக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான். 1902 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துல ஒருத்தர் அதைத்தான் செஞ்சார். கணக்கும் இயற்பியலும் சொல்லித் தரப்படும், முதல் வகுப்பு இலவசம்னு உள்ளூர் பேப்பர்ல விளம்பரம். கொடுத்தவர் பேர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், வயசு 22.

விளம்பரம் பார்த்து வந்தவர் மாரிஸ் சோலோவின். ருமேனியாக்காரர், தத்துவ மாணவர். கொஞ்ச நாள்லயே ட்யூஷன் போய் அரட்டை வந்துடுச்சு. காசெல்லாம் வேணாம், சும்மா வாங்க பேசலாம்னுட்டார் வாத்தியார் :-) ஏற்கனவே பழக்கமான கணித மாணவர் கொன்ராட் ஹபிக்ட்டும் சேர்ந்தார். பெரிய பெரிய அறிஞர் சபைகளைக் கிண்டலடிக்கற மாதிரி, இந்த மூணு பேர் சபைக்கு "ஒலிம்பியா அகாடமி"ன்னு பேரும் வச்சாங்க.

சாசேஜ், பாலாடைக்கட்டி, பழம், டீ. இதுதான் ராத்திரி சாப்பாடு. தொட்டுக்க ஹியூம், மாக், ஸ்பினோசா, பாயின்கரே. நடுவுல டான் குயிக்ஸாட் வேற. ஒரே ஒரு பக்கத்தை வச்சுகிட்டு நாள்கணக்கா வாதம் நடக்குமாம். ஒருமுறை தன் வீட்ல நடக்க வேண்டிய கூட்டத்தை விட்டுட்டு சோலோவின் கச்சேரிக்குப் போயிட்டார். மத்த ரெண்டு பேரும் அவர் வச்சுட்டுப் போன அவிச்ச முட்டையைத் தின்னு முடிச்சு, புகையே பிடிக்காத அந்த மனுஷனோட அறை முழுக்கப் புகையை ஊதி நிரப்பிட்டுக் கிளம்பினாங்க. 1903 ஜனவரியில் ஐன்ஸ்டைன் - மிலேவா கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்து போட்டதும் இந்த ரெண்டு பேர்தான்.

அப்புறம்? வழக்கமான கதைதான். 1904-ல் ஹபிக்ட் வாத்தியார் வேலைக்குப் போயிட்டார். 1905-ல் சோலோவினும் பெர்னை விட்டுக் கிளம்பிட்டார். சண்டை எதுவும் இல்லை, பொழைப்புதான் பிரிச்சது.

நானும் இதைப் பார்த்தவன்தான். ப்ராஜெக்ட் முடிஞ்சு டீம் கலையற அன்னிக்கு கேக் வெட்டுவோம், "டச்ல இருப்போம்"னு எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டுவோம். ஆறு மாசம் கழிச்சு பொறந்தநாள் வாழ்த்தோட சரி. நல்லாத்தான் பிரிஞ்சோம், ஆனா பேச்சு நின்னு போச்சு.

ஐன்ஸ்டைன் என்ன செஞ்சார் தெரியுமா? 1905 மே மாசம் ஹபிக்ட்டுக்கு ஒரு கடிதம். "நலம், நலமறிய ஆவல்" எல்லாம் கிடையாது. ஏன் கடிதமே போடலை, உறைஞ்சு போன திமிங்கலமேன்னு திட்டு! உன் ஆய்வேட்டை ஏன் இன்னும் அனுப்பலைன்னு அடுத்த திட்டு. பதிலுக்கு நாலு கட்டுரை அனுப்பறேன்னு சொல்லி, ஒளித் துகள், அணுவின் அளவு, பிரவுனியன் இயக்கம், வெளியும் காலமும்னு வரிசையாச் சொல்றார். இயற்பியலையே புரட்டிப் போட்ட 1905-ம் வருஷக் கட்டுரைகள்தான் அவை. பெர்னில் ராத்திரி நடந்த அதே பேச்சு, இப்போ தபால்ல.

1953-ல் பாரிசில் சந்திச்ச ஹபிக்ட்டும் சோலோவினும் பிரின்ஸ்டனுக்கு ஒரு அஞ்சலட்டை போட்டாங்க. 74 வயசு ஐன்ஸ்டைன் நண்பர்களுக்கு இல்லாம, அந்த அகாடமிக்கே பதில் எழுதினார். பெரிய சபைகளை நீ கிண்டலடிச்சது எவ்வளவு சரின்னு பல வருஷம் கவனிச்சுப் பார்த்துப் புரிஞ்சுகிட்டேன்னு அதுல ஒரு குத்து வேற.

1955-ல் ஐன்ஸ்டைன் போயிட்டார். மத்த ரெண்டு பேரும் 1958-ல். ஒலிம்பியா அகாடமி கலைஞ்சது 1905-லயா, 1958-லயான்னு கேட்டா, நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன்.

உங்களுக்கும் ஒரு திமிங்கலம் இருக்குமே? ரெண்டு வரி திட்டி எழுதுங்க.