அயர்லாந்து இடவிளக்க அகராதி (1837)

அயர்லாந்து இடவிளக்க அகராதி என்பது அந்நாட்டின் கவுண்டிகள், நகரங்கள், பங்குகள் ஆகியவற்றை அகர வரிசையில் விவரிக்கும் கெசட்டியர் வகை நூலாகும். சாமுவேல் லூயிஸ் என்னும் பதிப்பாளர் இதனை 1837ஆம் ஆண்டு இலண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இங்கிலாந்து (1831), வேல்ஸ் (1833) ஆகியவற்றுக்கு அவர் முன்பே இத்தகைய அகராதிகளை வெளியிட்டிருந்தார். ஸ்காட்லாந்துக்கானது 1846இல் வந்தது.

பங்கு என்பது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்களின் தொகுதி. நம் ஊர்க் கிறித்தவர்களும் இச்சொல்லை இதே பொருளில் வழங்குகின்றனர். ஆனால் பிரித்தானியத் தீவுகளில் அது சமயப் பிரிவு மட்டுமன்று. வரி, மக்கள்தொகைக் கணக்கு போன்ற அரசு அலுவல்களுக்கும் அதுவே அடிப்படை அலகாக இருந்தது.

லூயிசின் பதிவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பங்கு எந்தக் கவுண்டியில் உள்ளது, அருகிலுள்ள அஞ்சல் நகரம் எவ்வளவு தொலைவு, 1831 கணக்கெடுப்பின்படி எத்தனை பேர், எத்தனை ஏக்கர் என்று தொடங்கும். பின்னர் மண்ணின் தன்மை, சந்தை கூடும் நாள்கள், பெரிய மாளிகைகளும் அவற்றில் வசிப்போரின் பெயர்களும், பழைய கோட்டை அல்லது மடாலயத்தின் இடிபாடுகள் என்று செல்லும். தசமபாக வரி எவ்வளவு என்பது பவுன், ஷில்லிங், பென்ஸ் வரை துல்லியமாகத் தரப்பட்டிருக்கும். அயர்லாந்து மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். ஆயினும் அவர்களும் ஆங்கிலிக்கத் திருச்சபைக்கு இவ்வரியைச் செலுத்த வேண்டியிருந்தது. 1830களின் தொடக்கத்தில் அதை எதிர்த்துப் பல இடங்களில் இரத்தம் சிந்தும் மோதல்கள் நடந்தன. அகராதியிலோ அது வெறும் ஒரு தொகையாகவே நிற்கிறது.

பள்ளிகள் பற்றிய வரிகளையே நான் முதலில் தேடிப் படிப்பது வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்ற பழக்கம் அது. இத்தனை சிறுவர், இத்தனை சிறுமியர், இத்தனை தனியார் பள்ளிகள் என்று எண்ணிக்கை இருக்கும். அத்தனியார் பள்ளிகளில் பலவும் ஏழைப் பெற்றோர் தந்த சிறு கட்டணத்தில் நடந்தவை. அங்கே கற்பித்த ஆசிரியரின் பெயர் இராது. மாளிகைக்காரரின் பெயர் இருக்கும்.

இதற்குக் காரணம், தகவல் தந்தவர்கள் யார் என்பதே. நிலவுடைமையாளர்களும் குருமார்களும் தந்த செய்திகளே இந்நூலுக்குப் பெரிதும் ஆதாரம். நூலை வாங்க முன்பதிவு செய்தோரின் பட்டியலும் நூலிலேயே அச்சாகியுள்ளது. ஊரைப் பற்றிச் சொன்னவர்களே அதை வாங்கிப் படிக்கக் கூடியவர்களாகவும் இருந்தனர்.

இம்முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஸ்காட்லாந்தின் சர் ஜான் சின்கிளேர் 1790இல் அந்நாட்டுப் பங்குகளின் போதகர்களுக்கு 160க்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பினார். விடை வராத இடங்களுக்குத் தம் ஆட்களையே அனுப்பி எழுதுவித்தார். 900க்கும் மேற்பட்ட பங்குகளின் விவரங்கள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளியாயின. போதகர்களிற் சிலர் கேட்ட கேள்விக்கு விடை தந்ததோடு நில்லாமல், மக்கள் தேநீர் குடிக்கப் பழகிவிட்டார்கள், விஸ்கி பெருகிவிட்டது என்றும் குறைப்பட்டுக் கொண்டனர். வாசிக்கச் சுவையான பகுதிகள் அவை.

லூயிசின் நூல் சொல்லாததை அறிய, அதற்கு ஓராண்டு முன் முடிவுற்ற அரசு விசாரணை ஒன்றைப் பார்க்க வேண்டும். பேராயர் ரிச்சர்ட் வேட்லி தலைமையில் 1833இல் அமைந்த ஏழைகள் நிலை பற்றிய ஆணையம், பங்கு பங்காகச் சென்று கூலித் தொழிலாளர்களையும் கைம்பெண்களையும் பேசவைத்துப் பதிவு செய்தது. ஆண்டில் 30 வாரங்கள் வேலையின்றி இருப்போரும் அவர்களை நம்பியிருப்போருமாக ஏறத்தாழ 23,85,000 பேர் உள்ளனர் என்று அது 1836இல் கணக்கிட்டது. 1831இல் நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 77 இலட்சந்தான். அதாவது, மூவரில் ஒருவருக்குச் சற்றே குறைவு. அதே பங்குகளைத்தான் அகராதியும் விவரிக்கிறது.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841இல் 81 இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாகச் சரிந்தது. லூயிஸ் தம்மை அறியாமலே, பஞ்சத்துக்கு முந்தைய அயர்லாந்தின் கடைசிப் படங்களில் ஒன்றைத் தந்துவிட்டிருந்தார்.

அந்தப் படத்தின் மதிப்பு 1922இல் மேலும் கூடியது. அவ்வாண்டு உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்ததில், 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் வீட்டுவாரிப் பதிவுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அவற்றில்தான் குடிசைவாசிகளின் பெயர்கள் இருந்தன. இன்று அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து தம் முன்னோரின் பங்கைத் தேடும் ஒருவருக்கு, அங்கிருந்த மண், சந்தை நாள், பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை லூயிசின் அகராதி காட்டும். முன்னோரின் பெயரை அதில் காண்பது அரிது. அவர் யாருடைய நிலத்தில் உழைத்தார் என்பதற்கான குறிப்பு பெரும்பாலும் கிடைக்கும்.