தனகோடி பாடிய தட்டு

சென்ற ஆண்டு முதுகலை மாணவி ஒருத்தி தன் கைப்பேசியை நீட்டி ஒரு பாட்டைக் கேட்கச் சொன்னாள். ‘ஈமோ ராக்’ என்றாள். மனம் உடைந்தவர்கள் கிட்டாரோடு தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வது போன்ற இசை. ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்ற குழு 1999இல் வெளியிட்ட ஆல்பம். இலினாய்ஸ் மாநிலத்து மாணவர்கள் மூவர் சேர்ந்து போட்டது. வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, குழுவும் கலைந்துபோனது. கேட்ட சிலர் மட்டும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. 2014இல் ஆல்பம் மறுபடி வெளியானது, குழு மீண்டும் மேடையேறியது. “கேட்டவங்கதான் மேடம் அதக் காப்பாத்துனாங்க” என்றாள் மாணவி.

எனக்குக் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் ஞாபகம் வந்தது. அவரைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தியாவில் இசைத்தட்டு வந்தபோது அதன் முன்னால் துணிந்து நின்றவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடினார். பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. தெற்கே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மா, காஞ்சிபுரம் தனகோடி ஆகியோரின் குரல்கள் தட்டில் ஏறின. வித்துவான்கள் பலர் தயங்கி நின்ற காலம் அது. தேவதாசி மரபில் வந்த இப்பெண்களுக்குப் பாட்டுதான் தொழில், பாட்டுதான் சொத்து. புதிய கருவியின் வாய்க்குள் அவர்கள் பாடினார்கள்.

தனகோடியின் சகோதரி காமாட்சியின் மகன்தான் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934). அவர் வளர்ந்தது இந்தப் பெண்களின் பாட்டு நிறைந்த வீட்டில். பின்னாளில் லயத்தில் அசகாய சூரர் என்று பெயர் பெற்றார். மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று ‘ஃபுல் பெஞ்ச்’ வைத்துப் பாடிய அவரது கச்சேரிகளைப் பற்றி இன்றும் கதைகள் உண்டு. வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா காஞ்சிபுரம் வந்து அவரிடம் பாடம் கேட்டார்.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. நயினாப் பிள்ளையின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. அவரது புகழ் முழுக்கக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லால் நிற்கிறது. தனகோடியின் குரலோ தட்டில் இருக்கிறது. அவரைப் பற்றிய பேச்சு இல்லை. வரலாற்றில் அவர் பெரும்பாலும் ‘நயினாப் பிள்ளையின் தாயார் வழி உறவு’ என்ற அரை வரியாக வருகிறார். தனகோடியின் வீட்டிலிருந்து நயினாப் பிள்ளைக்கும், அவரிடமிருந்து பிருந்தாவுக்கும் போன பாட்டில் முதல் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது.

ஒலிப்பதிவு மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது. ‘நான் கேட்டேன், இப்படி இருந்தது’ என்று சொல்ல ஆள் வேண்டும். சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தோன்றியது. 1930களில் ஆனந்த விகடனில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதினார். ரசிகர் அபிப்பிராயம் அச்சில் மதிப்புப் பெற்ற அதே காலத்தில்தான் தேவதாசி முறைக்கு எதிரான இயக்கமும் வலுத்தது. 1947இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த மரபின் உள்ளிருந்தே அதன் கொடுமையை எழுதியவர். ஆனால் முறையோடு சேர்த்து அந்தப் பெண்களின் வித்தையையும் சமூகம் வெட்கத்துக்குரியதாக்கியது. பாட்டியின் பெயரைச் சொன்னால் குலம் தெரிந்துவிடும் என்று அஞ்சும் வீட்டில், அவள் பாட்டைப் பற்றி யார் பேசுவார்கள்?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் சாலையில் இருக்கிறது திருப்புட்குழி. கண்டதைச் சொல்லிவிட்டுச் செத்த ஜடாயுவுக்கு ராமன் இங்கே ஈமக்கடன் செய்தான் என்கிறது தலபுராணம். ஒரு மாலை அங்கே, திண்ணையில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து, நண்பர் ஒருவர் அனுப்பிய தனகோடியின் பதிவைப் போட்டேன். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

“கீச்சுனு இருக்குதே” என்றாள் ஒரு சிறு பெண். மைக் இல்லாத காலம், குழாய்க்குள் உரத்துப் பாடினால்தான் தட்டில் பதியும் என்றேன். தறி ஓட்டி ஓய்ந்த பெரியம்மா ஒருவர் கண்ணை மூடிக் கேட்டிருந்தார். “ஏன்மா இவ்ளோ அவசரம்? அடுப்புல பால வச்சிட்டு வந்தவ மாதிரி பாடுது” என்றார். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் என்று சொன்னேன். சற்று யோசித்தார். “அப்படின்னா கெட்டிக்காரிதான். மூணு நிமிசத்துல ஒரு எடத்துலயும் சிந்தல பாரு.”

தனகோடியின் காலத்தில் இப்படி ஒரு பெண் சொல்லியிருப்பாள். சமையற்கட்டிலிருந்தோ, கோயில் மண்டபத்துத் தூணுக்குப் பின்னாலிருந்தோ கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியிருப்பாள். அதை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

பெரியம்மா சொன்னதை அன்றிரவே குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதினேன். மறுவாரம் மாணவியிடம் காட்டினேன். “இன்னொரு தடவ போடுங்க மேடம், நானும் எழுதுறேன்” என்றாள்.