சேரிப் படிப்பகமும் சாவாத முதலும்: ஒரு சிறு வரலாறு

டி. கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள காலனிகளில் வேலை செய்யத் தொடங்கியபோது நாங்கள் பல இடங்களில் ஒரே காட்சியைப் பார்த்தோம். ஒரு சின்னக் கட்டிடம். சுவரில் கோட்டும் கண்ணாடியுமாக அண்ணல் அம்பேத்கர். வாசலுக்கு மேலே 'படிப்பகம்' என்ற எழுத்து. கதவில் பூட்டு.

ஏன் பூட்டினார்கள் என்று கேட்டால் யாரும் பெரிய காரணம் சொல்வதில்லை. "கரண்ட் பில் கட்டலைண்ணே." "பேப்பர் போடுறவருக்கு மூணு மாசப் பாக்கி." "தொறந்து வைக்கிற பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்." அவ்வளவுதான்.

அந்தக் கட்டிடத்தை எழுப்பத் தெருவே கூடியிருக்கிறது. ஏப்ரல் 14 அன்று மைக்செட் கட்டித் திறந்திருக்கிறார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஆகும் செலவுக்கு மட்டும் யாரும் கணக்குப் போடவில்லை. நம்முடைய படிப்பகங்களில் பல, புத்தகம் இல்லாமல் சாகவில்லை. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் இல்லாமல் செத்தன. இந்தச் சிறு தொகைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலைத் தொடாமல் வட்டியில் ஒரு காரியத்தை நடத்துவதற்கு வைப்புநிதி என்று பெயர். இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏற்பாடு இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படியுங்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றை வளர்ப்பவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை குறையக் கூடாது. கல்வெட்டு இதைச் 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. சாகாத, மூப்படையாத முதல். கல்விக்கும் இப்படி முதல் வைத்தார்கள். முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் ஊரில் 340 மாணவர்கள் உண்டு படிக்க 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. படித்தவை வேதமும் வியாகரணமும். படித்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே சோழர்களின் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' என்ற சொற்களும் வருகின்றன, வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில். சேரி எங்கே இருக்கிறது என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. சேரிப் பிள்ளை படிக்க ஒரு வேலி நிலம் வைக்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை. பிறர் வீட்டு விளக்குகள் பல நூற்றாண்டுகள் எரிந்ததற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. முதல் இருந்தது, அதைக் காக்கும் சபை இருந்தது, கல்லில் வெட்டிய நிபந்தனை இருந்தது.

நமக்கென்று ஒரு பெரிய முதல் ஒரே ஒரு முறை வந்தது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று ஆணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டதாகச் சொல்கிறோம். முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் பதிவேடு யார் கையில் இருந்தது? கர்ணம் கையில். கடன் கொடுத்தவன் யார்? பண்ணையார். நிபந்தனை தாளில் இருந்தது, நிலம் போய்விட்டது. காவல் நம் கையில் இல்லாவிட்டால் எந்த முதலும் நமக்கு நிற்காது என்பதுதான் பஞ்சமி நிலம் கற்றுத் தந்த பாடம்.

இனி நம்மவர்கள் தாங்களே கட்டியதைப் பார்ப்போம். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். கூலிக்காரர் வாங்கக்கூடிய விலையையே பெயராக வைத்தார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்தார். மகன் சில காலம் நடத்தினார், பிறகு இதழ் நின்றது. 1926-இல் தங்கவயலில் அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து மீண்டும் கொண்டுவந்தார். இத்தனை பேருடைய வியர்வைக் காசு இருந்தும், ஓர் ஆளின் மறைவு ஓர் இதழை நிறுத்தியது. உழைப்பும் அறிவும் நம்மிடம் நிறையவே இருந்தன. ஆள் போனாலும் நிற்கிற முதல் இல்லை.

அண்ணல் 1924 ஜூலை 20 அன்று பம்பாயில் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அதன் நோக்கங்களில் விடுதிகளுக்கு அடுத்து நூலகங்கள் வருகின்றன. 'கற்பி' என்ற சொல்லை நாம் சுவரில் எழுதுகிறோம். அவரோ அதற்கு ஓர் அமைப்பும், விதியும், கணக்கும் வைத்தார்.

இந்த இடத்தில் ஒரு தோழர் எங்களிடம் கேட்டார்: "நூலகம் நடத்துறது அரசாங்கத்தோட கடமை. நாம காசு போட்டா, அரசு தப்பிச்சுக்காதா?" சரியான கேள்வி. அதற்கு 1948-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம். பின்னால் நின்றவர் எஸ். ஆர். ரங்கநாதன். சட்டத்தின் உயிர் நூலக வரி. வீட்டு வரியுடன் சேர்த்து, இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா வாங்குகிறார்கள். காலனி வீடும் கட்டுகிறது, மாடி வீடும் கட்டுகிறது. ஆகவே பொது நூலகம் நமக்கு யாரும் போடும் பிச்சை அல்ல. நம் காசு அதில் இருக்கிறது. அந்தக் காசு உள்ளாட்சியிலிருந்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகப் போகிறதா, போனால் எந்தத் தெருவில் செலவாகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதே ரங்கநாதன், வரிக்காகப் போராடியவர், தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரும் சேர நூலக அறிவியல் பேராசிரியர் இருக்கை ஒன்றை நிறுவினார். வரி வேண்டும், வரி எட்டாத இடத்துக்கு வைப்புநிதி வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. தோழரின் கேள்விக்கு எங்கள் பதிலும் அதுதான்.

2006-க்குப் பின் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டிடம் வந்தது. நல்ல காரியம். ஆனால் நூலகருக்குச் சில நூறு ரூபாய் மதிப்பூதியம். ஆட்சி மாறியதும் பல கட்டிடங்கள் பூட்டப்பட்டன. அரசு செய்தாலும் நாம் செய்தாலும் நோய் ஒன்றே: கட்டுவதற்குப் பணம் உண்டு, நடத்துவதற்கு இல்லை.

அரசு நூலகங்களில் புரவலர் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆயிரம் ரூபாய் செலுத்தினால் புரவலர், பெயர் பலகையில் ஏறும். உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் அந்தப் பலகையைப் படியுங்கள். நம் தெருக்காரர் எத்தனை பேர்? வாசகர் வட்டத்தில் எத்தனை பேர்? பணம் போட்டவர்தான் எந்தப் புத்தகம் வாங்குவது என்ற பேச்சில் உட்காருகிறார்.

உட்காரும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று. ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆண்டுதோறும் கட்டிடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் நிர்வாகம் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நடத்தும் செலவை அவர் மறக்கவில்லை. ஆனால் எல்லோரையும் உள்ளே விட வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. 1902-இல் அட்லாண்டாவில் அவர் பணத்தில் நூலகம் திறந்தபோது கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்லை. டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் நிர்வாகிகளிடம் நேரில் போய் வாதாடினார். தனிக் கிளை கிடைக்கவே 1921 ஆனது. பொது நூலகத்தின் கதவு திறக்க 1959 ஆனது.

ஆகவே எங்கள் முன்மொழிவு இது. ஒரு காலனிப் படிப்பகத்துக்கு ஐந்து லட்சம் முதல். நம் பகுதியிலிருந்து படித்து வேலைக்குப் போன 50 பேர் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் வந்துவிடும். 7 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். அதில் 25,000 செலவுக்கு, 10,000 திரும்ப முதலுக்கு. இல்லையென்றால் விலைவாசி முதலைத் தின்றுவிடும். மாதம் இரண்டாயிரம் ரூபாயில் கரண்ட் பில்லும் பேப்பரும் போக, மாலையில் கதவைத் திறக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குச் சிறு தொகை தரலாம்.

அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முதலை எடுக்கவோ அடகு வைக்கவோ கூடாது. நிர்வாகிகளில் பாதிப் பேர் பெண்கள், மூன்று ஆண்டுக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது, பதவி பிள்ளைக்கு இறங்கக் கூடாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று வரவு செலவைச் சுவரில் ஒட்ட வேண்டும். படிப்பகம் நின்றுபோனால் பணம் இன்னொரு சேரிப் படிப்பகத்துக்குத்தான் போக வேண்டும். எந்தச் சாதிக்காரரும் வந்து படிக்கலாம். சாவி நம்மிடம் இருக்கும்.

டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே. சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். காந்தியோடு நமக்குள்ள கணக்கு வேறு, அது தீரவில்லை. ஆனால் குமரப்பா சொன்ன ஒன்று நமக்கு உதவும். தேங்கிய இருப்பைத் தோண்டித் தின்னும் பொருளாதாரம் அழியும், ஓடிவரும் வரவில் வாழ்வதே நிலைக்கும் என்றார் அவர். படிப்பகத்துக்கும் அதுவே விதி.

மாணவத் தோழர்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை. வீட்டு வரி ரசீதை எடுங்கள். அதில் நூலக வரி என்ற வரியைத் தேடுங்கள். அந்தப் பணம் எங்கே போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பிறகு உங்கள் தெருப் படிப்பகத்தின் பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.